போர்ட் மாற்றிய பிறகு

ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா அறைக்குள் உட்கார்ந்தபடியே செலினா மூன்று வருடமாக மற்றவர்களின் முறைப்பாடுகளை எழுதிக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் பணம் வரவில்லை, வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாம் நாளே நின்றுவிட்டது, போனுக்குப் போட்ட ரீலோட் காசு காணாமல் போகிறது என்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் கம்பனிகளுக்குப் போன் செய்து பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாக அவளுடைய கொம்பியூட்டருக்கு வரும். யார் எந்தப் பாஷையில் பேசியிருந்தாலும் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சொல் விடாமல் அடித்து அனுப்புவாள். கொழும்பில் இருந்த ஒரு நிறுவனம் அதற்குச் சம்பளம் கொடுத்தது.

இரண்டு பாஷையும் அவளுக்கு ஒன்றுபோலத்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. பிறகு பஸ் ஏறிப் போய் டவுனில் சிங்களத்திலேயே படித்தாள். படித்து முடித்துத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மழை நாள் கல்படியில் சறுக்கி, இரண்டு படிக்கட்டு வரிசைக்குக் கீழே போய் விழுந்தாள். இடுப்பில் இரண்டு தடவை ஒப்பரேஷன் செய்தார்கள். அதன் பிறகு ஊன்றுகோல் பிடித்து லயத்துக் குழாயடி வரைக்கும் போய் வரலாம், அவ்வளவுதான். ஆனால் உட்காருவதற்கு ஒரு தடையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவளுடைய புருஷன் ரொபர்ட் கொழும்புக்குப் போய், ஏதோ ஒரு ஒபிஸ் கழித்துப்போட்ட கொம்பியூட்டரை வாங்கி வந்தான். அவன் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் தள்ளுகிற வேலை.

அந்தக் கொம்பியூட்டர் ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை. காலை எட்டு மணிக்குப் போட்டால், நிறுவனம் கொடுத்திருந்த ஒரு சின்ன செக்கிங் புரோகிராம் முதலில் ஓடும். மெஷினில் உள்ள விண்டோஸ் ஒழுங்கானதா, வைரஸைத் தடுக்கிற வைரஸ் கார்ட் இருக்கிறதா என்று பார்த்து ஒரு பச்சை டிக் போடும். அதற்குப் பிறகுதான் திரையில் வேலை செய்கிற ஜன்னல் திறக்கும். மூன்று வருடமும் பச்சைதான்.

செப்டம்பர் மாதக் கடைசியில் நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராதாம், அதனால் ஒக்டோபர் பதினைந்திலிருந்து புது விண்டோஸ் உள்ள மெஷினை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். செலினா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத் தினேஷ் சேருக்குப் போன் எடுத்தாள். தினேஷ் அவளுடைய பிரிவுக்கு மேற்பார்வையாளர். கொழும்புப் பையன், அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். ஆனாலும் சேர் என்றுதான் கூப்பிடுவாள். எல்லோருக்கும் ஒரே மெயில்தான் போயிருக்கிறது, ஆட்களின் சொந்த விஷயங்கள் அந்த ஒலிப்பதிவுகளில் இருப்பதால் வேறு வழியில்லை என்று அவன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த லீவு நாளில் ரொபர்ட் கொம்பியூட்டர் பெட்டியை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, த்ரீவீலில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனான். அங்கே ரிப்கான் என்பவர் ஒரு சின்ன கொம்பியூட்டர் கடை வைத்திருந்தார். திறந்து பார்த்துவிட்டு, இந்த மதர்போர்டிலும் புரொசசரிலும் புது விண்டோஸ் ஏறாது, இரண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். ரொபர்ட் அங்கிருந்தே செலினாவுக்குப் போன் செய்து கேட்டான். மாற்றச் சொன்னாள். அதற்கென்று அவள் கொஞ்சம் சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

நான்காம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்தது. முன்பு போட்டால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும் நேரம் எடுக்கும். இப்போது பட்டென்று வந்து நின்றது. செலினாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. திரையின் கீழே வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ இரண்டு வரி இங்கிலீஷில் இருந்தது. விண்டோஸை அக்டிவேட் செய்யவும் என்று அதற்கு அர்த்தம். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எட்டு மணிக்குச் செக்கிங் புரோகிராமைத் திறந்தாள். புது விண்டோஸ், சரி. வைரஸ் கார்ட், சரி. மூன்றாவது வரியில் சிவப்பு. இந்த விண்டோஸ் உறுதிப்படுத்தப்படவில்லை என்று எழுதியிருந்தது. வேலை ஜன்னல் திறக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு.

ரிப்கானுக்குப் போன் செய்தாள். சிவப்பு வந்ததைச் சொன்னாள்.

"அக்கா, அது கம்பனியே விண்டோஸ் போட்டு விக்கிற பிராண்ட் மெஷின். விண்டோஸ் லைசன்ஸ் அந்தப் பழைய போர்டோட வந்தது," என்றார். "ரெம் மாத்தினா, டிஸ்க் மாத்தினா ஒண்டும் ஆகாது. போர்ட் மாத்தினா அது வேற மெஷின் எண்டு எடுத்துக்கொள்ளுது."

"மத்ததெல்லாம் அதே தானே தம்பி? பெட்டி அதே பெட்டி. நானும் அதே ஆளு."

"அது அப்படிப் பாக்காது அக்கா."

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். சாதாரணமாக அந்தச் சாம்பல் எழுத்து இருந்தாலும் மெஷின் வேலை செய்யுமாம். கடைக்கு வருகிற பாதிப் பேர் அதோடுதான் இருக்கிறார்களாம். அவளுடைய நிறுவனம் இப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. செட்டிங்குக்குள் போனால், அண்மையில் மெஷினின் பாகங்களை மாற்றினேன் என்று சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது, அதை அமுக்கிப் பாருங்கள் என்றார்.

அவள் தேடி அமுக்கினாள். மெயில் கணக்கு ஒன்றைக் கேட்டது. அவளுடைய கணக்கைக் கொடுத்தாள். பழைய மெஷின்களின் பட்டியல் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பழைய போர்ட் இருக்கும்போதே அந்த மெஷினைத் தன் கணக்கோடு சேர்த்திருக்க வேண்டுமாம். அவள் சேர்த்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. சேர்த்திருந்தாலும் அந்த மாதிரி லைசன்ஸுக்கு அது உதவியிருக்குமோ தெரியாது என்று ரிப்கான் பிறகு சொன்னார். அதைக் கேட்டு அவள் ஆறுதல் அடைவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் இருந்தாள்.

தினேஷ் ஒரு வாரம் தவணை கொடுத்தான். அந்த வாரத்துக்குள் போன் மூலம் அக்டிவேட் செய்து பார்ப்போம் என்று அவளும் ரொபர்ட்டும் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தார்கள். திரையில் எண்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. போனில் ஒரு பதிவுக் குரல் ஒவ்வொரு கூட்டமாகக் கேட்டது. ரொபர்ட் வாசிக்க, செலினா போனில் அமுக்கினாள். அவர்களுடைய லயத்தில் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான். ஆறாவது கூட்டத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை கடைசி எண் வரைக்கும் போனார்கள். பதிவுக் குரல் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இதை அக்டிவேட் செய்ய முடியவில்லை, உதவியாளரோடு பேசவும் என்றது.

உதவியாளர் ஒரு பெண். எந்த ஊரிலிருந்து பேசினாளோ, சிங்களம் அழகாகப் பேசினாள். செலினா நடந்ததை முழுவதும் சிங்களத்தில் சொன்னாள். எப்போது வாங்கியது, ஏன் மாற்றியது, தான் என்ன வேலை செய்கிறவள் என்பது வரைக்கும் சொன்னாள். ஊன்றுகோல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவளுடைய குரல் கொஞ்சம் இளகியது.

அந்த இடத்திலேயே செலினாவுக்கு விளங்கிவிட்டது. மூன்று வருடமாக இதைத்தானே கேட்டு எழுதுகிறாள். முடியாது என்று சொல்லப்போகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்பு இப்படித்தான் இளகுவார்கள். அதற்கு அப்புறம் வருவது "சமாவென்ன மிஸ்" என்ற வார்த்தையாகத்தான் இருக்கும். மன்னித்துக்கொள்ளச் சொல்வது. அதுவேதான் வந்தது. அந்த லைசன்ஸ் முதல் போர்டுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது, புதுப் போர்டுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். வேண்டாம், பரவாயில்லை, நன்றி என்று செலினா சொன்னாள். தான் எழுதிக் கொடுத்த ஆட்களில் பலர் அந்த இடத்தில் கத்தியிருக்கிறார்கள். சிலர் அழுதிருக்கிறார்கள். ஏன் இவர்கள் இந்தப் பிள்ளையிடம் கத்துகிறார்கள், அவள் என்ன செய்வாள் என்று அப்போதெல்லாம் நினைத்திருக்கிறாள். இப்போதும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் போனை வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. ரொபர்ட் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

பழைய போர்டைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று அவன் ரிப்கானிடம் கேட்டுப் பார்த்தான். மாட்டலாம், லைசன்ஸும் வந்துவிடும், ஆனால் அதில் பழைய விண்டோஸ்தான் ஓடும், அதை அவர்கள் விட மாட்டார்களே என்றார் ரிப்கான். ரொபர்ட் கடை வாசலில் நின்றபடி அதை இரண்டு மூன்று விதமாகக் கேட்டான். எந்த விதமாகக் கேட்டாலும் பதில் அதே இடத்துக்குத்தான் வந்தது.

ரிப்கானுக்கு மனசு கேட்கவில்லை. நெட்டில் விண்டோஸ் லைசன்ஸுக்கான கீ விற்கிற ஓர் இடத்திலிருந்து தன் செலவிலேயே ஒன்று வாங்கி அனுப்பினார். இதுவும் ஒழுங்கான கீதானா என்று செலினா கேட்டாள். நிறையப் பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை என்றார். அவள் அடித்தாள். சாம்பல் எழுத்து மறைந்தது. செக்கிங் புரோகிராம் பச்சையாகியது. தவணை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

பதினாறு நாள் வேலை செய்தாள். தேங்கிப்போன பதிவுகளையும் சேர்த்து முடித்தாள். தினேஷ் மெசேஜ் போட்டுப் பாராட்டினான். வரக்காப்பொலயிலிருந்து ஒரு பெரியவர் தண்ணீர் மோட்டார் கம்பனியோடு இருபது நிமிஷம் சண்டை பிடித்த பதிவு வந்தது. ஒரு வசனம் சிங்களம், ஒரு வசனம் தமிழ் என்று மாற்றி மாற்றி அவர் பேசினதை ஒரு சொல் பிசகாமல் எழுதினாள். அந்த நாட்களில் ரொபர்ட் வேலை முடிந்து வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே கதவைத் தாண்டுவான். முகம் நன்றாக இருந்தது.

பதினேழாம் நாள் அந்தச் சாம்பல் எழுத்து திரும்பி வந்தது. பாவித்த கீ முடக்கப்பட்டிருப்பதாக விண்டோஸ் சொன்னது. ஒரு பெரிய நிறுவனத்துக்கென்று கொடுத்த கீயை யாரோ துண்டு துண்டாக நெட்டில் விற்றிருந்தார்களாம். தனக்கு அதை விற்ற ஆளை ரிப்கான் தேடினார். நெட்டில் அந்தப் பக்கமே இல்லை.

பத்து மணியளவில் தினேஷ் கூப்பிட்டான். வழக்கமாக முதலில் சுகம் விசாரிப்பான். அன்றைக்கு விசாரிக்கவில்லை.

"செலினா, உங்க மெஷினைப் பத்தி எங்களுக்கு ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. முடக்கின கீன்னு இருக்கு. லைசன்ஸ் இல்லாம இருந்தா தவணை குடுக்கலாம். இது வேற மாதிரிப் போயிருச்சு."

"சேர், அது அப்படிப்பட்ட கீன்னு எனக்குத் தெரியாது. கடையில போட்டாங்க. நான் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

"எனக்குத் தெரியும் நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு. ஆனா நான் மட்டும் தெரிஞ்சு என்ன செய்றது? மேல ஒரு பகுதி இருக்கு, அவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க."

நல்ல லைசன்ஸ் ஒன்று வாங்கி, அதன் ரசீதையும் அனுப்பினால் அவளுடைய ஐடியைத் திறந்துவிடக் கேட்பேன் என்றான். அதுவரைக்கும் மூடி வைத்திருப்பார்களாம். எவ்வளவு நாள் பொறுப்பீர்கள் என்று அவள் கேட்டாள். அது தன் கையில் இல்லை, சீக்கிரம் செய்யுங்கள் என்றான்.

அன்றைக்கு ரிப்கான் கடையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கே வந்தார். லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றுகொண்டே பேசினார். தான் நல்லதுக்கென்று செய்தது இப்படி ஆகிவிட்டது என்றார். செலினா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அவர்மேல் கோபப்பட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் ஒரு பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அந்த மனுஷன் வியர்த்துப்போய், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

நல்ல லைசன்ஸை வெளிநாட்டுக் காசில், பேங்க் கார்டில்தான் வாங்க வேண்டியிருந்தது. அவர்களிடம் அப்படிப்பட்ட கார்ட் இல்லை. டவுனில் யாரும் டப்பாவில் வைத்து விற்கவுமில்லை. ரொபர்ட்டின் தங்கச்சி சுகந்தி கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவளிடம் கார்ட் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவளுக்கு நிம்மதியாகப் போன் பார்க்க நேரம் கிடைக்கும். முதல் வெள்ளி கார்டை பேங்க் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. இடையில் செலினா தினேஷுக்கு மூன்று மெசேஜ் போட்டாள். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. ஒரு தடவை மட்டும், கேட்டிருக்கிறேன் என்று பதில் போட்டான்.

அந்த நாட்களில் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ரப்பர் காட்டில் காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் மலையேறிப் போகும், மதியம் திரும்பி வரும். கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா இருந்தாள். பக்கத்துக் காம்பரா பிரேமலதா வந்து, இன்றைக்கு லீவா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் செலினா. மறுநாளும் அதே கேள்வி வந்தது. மறுநாளும் ஆமாம் என்றாள்.

இரண்டாம் வெள்ளி மத்தியானம் சுகந்தி கீயையும் ரசீதையும் வட்ஸ்அப்பில் அனுப்பினாள். இருபத்தைந்து எழுத்து. செலினா ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அமுக்குவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். வட்டம் சுற்றியது. நின்றது. உங்கள் விண்டோஸ் அக்டிவேட் ஆகிவிட்டது என்று வந்தது. செக்கிங் புரோகிராமைத் திறந்தாள். மூன்று வரியும் பச்சை. வேலை ஜன்னல் திறந்தது.

பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டாள். இந்தப் பெயரில் பணியாளர் யாரும் இல்லை என்றது.

பிழையாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டாள். அதற்குப் பிறகு தினேஷுக்குப் போன் செய்தாள். இரண்டாவது தடவை எடுத்தான்.

"பச்சை வந்திருச்சு சேர். ரசீதும் இருக்கு. ஐடிதான் திறக்க மாட்டேங்குது."

அவன் அவள் பெயரைச் சொன்னான். சொன்ன விதத்தில், அந்த ஹெல்ப்லைன் பெண்ணுடைய குரலைப்போல அவனுடைய குரலும் இளகியிருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவுகள் தேங்கியதால் அவளுடைய இடத்துக்கு மாத்தறையில் ஒருவரை எடுத்துவிட்டார்களாம். ஒரு வாரத்துக்கு மேல் மூடியிருந்த ஐடிகளை மேலே உள்ள பகுதி தானாகவே எடுத்துவிட்டதாம். தான் எழுதிக் கேட்டதாகவும், அதற்குப் பதில் வருவதற்குள் இது நடந்துவிட்டதாகவும் சொன்னான். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரை முதலாவதாகப் போட்டிருப்பதாகவும் சொன்னான். உண்மையாகத்தான் சொல்லியிருப்பான். சரி சேர் என்றாள். போனை வைத்தாள்.

பின்னேரம் ரொபர்ட் வேலை முடிந்து வந்தான். வாசலிலிருந்தே, வந்துருச்சா என்று கேட்டான். வந்துருச்சு என்றாள். அவன் சிரித்தான். திரைக்கு முன்னால் குனிந்து அந்தப் பச்சை அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். உடனே தங்கச்சிக்கு நன்றி சொல்லிக் குரல் மெசேஜ் அனுப்பினான். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் செலினா மற்றதைச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்த பிறகு சொன்னாள். அவன் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடித்த கையையே திரும்பவும் துடைத்தான்.

"நம்ம எல்லாத்தையும் செஞ்சோம் தானே?" என்று கேட்டான்.

"செஞ்சோம்ங்க."

"எதையும் விடல தானே?"

"விடல."

அவன் தலையாட்டினான். வேறு யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் தள்ளுகிற கட்டில்களில் படுத்திருப்பவர்கள் வழி நெடுகக் கேள்வி கேட்பார்கள், தான் என்ன பதில் சொல்வது என்று முன்பு அவளிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவன் முகமும் அப்படிக் கேட்கிறவர்களின் முகம்போல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினாள். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. மற்றது, இடம் வந்தால் பரீட்சை வைப்போம், மெஷின் புது விண்டோஸில் அசல் லைசன்ஸோடு இருக்க வேண்டும் என்று பதில் போட்டது. இருக்கிறது என்று எழுதினாள். மாத்தறையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று சில நேரம் யோசிப்பாள். அவரும் ஒரு வீட்டு ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். வரக்காப்பொலப் பெரியவர் திரும்பவும் போன் செய்திருந்தால், அந்தப் பேச்சை இப்போது மாத்தறை ஆள்தான் எழுதுவார். அவருக்குத் தமிழ் எவ்வளவு விளங்குமோ.

காலை எட்டு மணிக்குக் கொம்பியூட்டரைப் போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது ரொபர்ட் அதைப் பார்த்துவிட்டு, வேலை இல்லாத நேரத்தில் எதற்கு இதைத் தினமும் போடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டான்.

"அப்டேட் வந்துகிட்டே இருக்குங்க. விட்டுட்டா, கூப்புடுற அன்னைக்கு ரெடியா இருக்காது."

அவன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நூற்றுக்கு முப்பத்தேழு வீதம் முடிந்திருப்பதாகவும், மெஷினை நிறுத்த வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. செலினா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அது முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.